கிளீசன் 3+4, பி.எஸ்.ஏ. 8.4: ஆபரேஷனா, ரேடியேஷனா, கண்காணிப்பா?

மருதன்

அப்பாவுக்கு வயது 67. புராஸ்டேட் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை எண்) 8.4, போன வருடம் 6.9. எம்.ஆர்.ஐ.யில் புராஸ்டேட் 42 மி.லி.; இடப்பக்கம் 11 மி.மீ. அளவில் ஒரு புள்ளி, பை-ராட்ஸ் (எம்.ஆர்.ஐ.யில் புற்றுச் சந்தேக மதிப்பெண், 5 வரை) 4, உறையைத் தாண்டவில்லை. விரல் பரிசோதனையில் எதுவும் தட்டுப்படவில்லை. வழக்கமாக எடுக்கும் 12 துணுக்குகளில் 3-ல் புற்று. புள்ளியைக் குறிவைத்து எடுத்த 3 துணுக்குகளிலும் புற்று. கிளீசன் (செல்களின் தீவிரத்தைச் சொல்லும் மதிப்பெண்) 3+4=7, அதில் தீவிரம் கூடிய 4-ஆம் வகை 30 சதவீதம். கடைசியில் "நரம்புறை ஊடுருவல் உள்ளது" என்று ஒரு வரி.

சர்க்கரை 10 வருடமாக, மாத்திரையில் ஓடுகிறது, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.6. ரத்தக் கொதிப்பு உண்டு, இதயக் கோளாறு இல்லை. சிறுநீர் சரியாகப் பிரியாததால் டாம்சுலோசினும் டூட்டாஸ்டரைடும் கலந்த மாத்திரை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். ஐ.பி.எஸ்.எஸ். மதிப்பெண் (சிறுநீர்த் தொல்லையின் அளவு, 35-க்கு) 17. விறைப்பு சர்க்கரையால் ஏற்கனவே குறைந்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்.

யூராலஜிஸ்ட் புராஸ்டேட்டையே எடுக்கும் ரோபாட்டிக் ஆபரேஷன் என்கிறார். ரேடியேஷன் டாக்டர் 20 அமர்வில் முடிக்கலாம் என்கிறார். படித்த இடத்திலெல்லாம் "சும்மா கண்காணித்தாலே போதும், 15 வருடத்துக்கு வித்தியாசம் இல்லை" என்று இருக்கிறது. எதை வைத்து எடை போடுவது? எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும்?

நுண்ணோக்கி

மருதன், முதலில் அந்த 8.4-ஐச் சரிசெய்யுங்கள். டூட்டாஸ்டரைடு, அதே வகை மருந்தான ஃபினஸ்டரைடு இரண்டுமே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பி.எஸ்.ஏ.வை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறவருக்கு வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். ஆக, அப்பாவின் உண்மையான பி.எஸ்.ஏ. 17-க்குப் பக்கம். போதாததற்கு, குறைக்கிற மாத்திரையைச் சாப்பிடும்போதே 6.9-லிருந்து 8.4-க்கு ஏறியிருக்கிறது. லேப் தாளை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படாது. மாத்திரையின் பெயரையும் தொடங்கிய மாதத்தையும் எழுதி இரண்டு டாக்டரிடமும் கொடுங்கள்.

இதனால் என்ன மாறுகிறது என்றால், அவர் இருக்கிற பெட்டியே மாறுகிறது. நடுத்தர ஆபத்துக்கு மூன்று அடையாளங்கள்: பி.எஸ்.ஏ. 10 முதல் 20 வரை. கிரேடு குரூப் 2 அல்லது 3 (3+4 என்பது 2, 4+3 என்பது 3). கட்டி டி2பி அல்லது டி2சி (புராஸ்டேட்டின் ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல், அல்லது இரு பக்கமும்). இவற்றில் ஒன்று மட்டும் இருந்து, கிரேடு குரூப் 2-ஐத் தாண்டாமல், பாதிக்கும் குறைவான துணுக்குகளில் மட்டும் புற்று இருந்தால் அது சாதகமான நடுத்தரம். இரண்டு சேர்ந்தாலே சாதகமற்ற நடுத்தரம். 8.4 என்று படித்தால் அப்பா முதல் பெட்டியில் இருக்கிறார். 17 என்று படித்தால் இரண்டாவதில். கண்காணிப்பு பொருந்துமா, ரேடியேஷனோடு ஹார்மோன் ஊசி வேண்டுமா, பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் வேண்டுமா, மூன்றுக்கும் பதில் இங்கேதான் பிரிகிறது.

பி.எஸ்.ஏ. அடர்த்தியும் அப்படியே. 8.4-ஐப் புராஸ்டேட்டின் அளவான 42-ஆல் வகுத்தால் 0.20, திருத்திய எண்ணை வகுத்தால் 0.40. 0.15-க்கு மேல் போனாலே கண்காணிப்புக்குத் தயங்குவார்கள்.

துணுக்குக் கணக்கில் ஒரு ஆறுதல். ஒரே புள்ளியிலிருந்து எடுத்த மூன்றும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். 15-க்கு 6 என்று போடாதீர்கள், 13-க்கு 4. பாதிக்கும் கீழே.

நரம்புறை ஊடுருவல் என்ற வரி எல்லோரையும் பயமுறுத்தும். புற்று நரம்பு மண்டலத்துக்குள் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. புராஸ்டேட்டுக்குள்ளேயே ஓடும் மெல்லிய நரம்பிழைகளை ஒட்டிச் செல்கள் தெரிகின்றன, அவ்வளவுதான். உறையைத் தாண்டும் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதற்கான குறிப்பு. அது ஒன்றை மட்டும் வைத்து சிகிச்சையை மாற்றுவதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. 4-ஆம் வகைச் செல்கள் கிரிப்ரிஃபார்ம் (சல்லடைபோல் துளைகள் கொண்ட) அமைப்பில் இருக்கின்றனவா, இன்ட்ராடக்டல் கார்சினோமா (சுரப்பிக் குழாய்களுக்குள் வளரும் புற்று) உண்டா என்று பெத்தாலஜிஸ்டிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் கண்காணிப்பை மறந்துவிடலாம். முடிந்தால் புராஸ்டேட் பயாப்ஸியை அதிகம் பார்க்கும் இன்னொரு பெத்தாலஜிஸ்டிடம் ஸ்லைடுகளைக் காட்டுங்கள். ரிப்போர்ட் நகலை அனுப்பிப் பயனில்லை, ஸ்லைடோ திசு பதிந்த மெழுகுக் கட்டியோ போக வேண்டும். 3+4-க்கும் 4+3-க்கும் இடையிலான கோட்டில் இரண்டு பேர் வேறுபடுவது சாதாரணம்.

அவசரம் பற்றி: இந்த வகையில் சில வாரம், இரண்டு மூன்று மாதம் யோசிப்பதால் பலன் குறைவதில்லை. பயாப்ஸிக்குப் பிறகு வீக்கமும் ரத்தக்கட்டும் அடங்க 6 வாரம் போல விட்டுத்தான் ஆபரேஷனே செய்வார்கள். அந்த இடைவெளியில் சர்க்கரையை இறக்குங்கள். எந்தப் பக்கம் போனாலும் 7.6 இடைஞ்சல்தான்.

வடகாற்று

"15 வருடத்துக்கு வித்தியாசம் இல்லை" என்பது பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்விலிருந்து வருகிறது. 1,643 பேரைக் குலுக்கல் முறையில் கண்காணிப்பு, ஆபரேஷன், ரேடியேஷன் என்று பிரித்தார்கள். 15 வருட முடிவு 2023-ல் வந்தது. புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் முறையே 3.1, 2.2, 2.9 சதவீதம். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கூடவே சொல்ல வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்: வேறு உறுப்புக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5 சதவீதம் அளவில். கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 சதவீதம் பேர் அந்த 15 வருடத்துக்குள் ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்று. அதில் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிக்கு மேல் கிளீசன் 6. திருத்திய பி.எஸ்.ஏ. 17, கிளீசன் 7, அதில் 4-ஆம் வகை 30 சதவீதம் என்பவருக்கு அந்த 3.1-ஐ அப்படியே ஒட்ட முடியாது. 4-ஆம் வகை 10 சதவீதத்துக்குள்ளும், பி.எஸ்.ஏ. 10-க்குள்ளும், அடர்த்தி குறைவாகவும் இருந்திருந்தால் நானே கண்காணிப்பைச் சொல்லியிருப்பேன்: ஆறு மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ., ஒரு வருடத்தில் மறு எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸியும். இங்கே வேண்டாம்.

மற்ற இரண்டில் உயிர் காப்பதில் ஏறத்தாழச் சமம். என்ன தொல்லை, எப்போது, எவ்வளவு காலம் என்பதில்தான் வேறுபாடு. அதே ஆய்வில் ஆறு மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்துக்கொண்டவர்கள் ஆபரேஷன் பக்கம் 46 சதவீதம்; ஆறு வருடத்தில் ஆபரேஷன் 17, ரேடியேஷன் 4. மலம் கசிவது 12-ஆம் வருடத்தில் ரேடியேஷன் பக்கம் 12 சதவீதம், மற்றவற்றில் 6.

பொன்னி

மேலே இருவரும் சொன்னதோடு உடன்படுகிறேன். இனி அப்பாவின் உடம்பை வைத்துப் பார்ப்போம். முடிவைத் திருப்பக்கூடியவை ஐ.பி.எஸ்.எஸ். 17, சர்க்கரை, விறைப்பு இந்த மூன்றும்தான்.

17 என்பது நடுத்தரத்தின் மேல் முனை (8 முதல் 19 வரை நடுத்தரம், 20-லிருந்து கடுமை). டாம்சுலோசின் சாப்பிட்டும் 17 என்றால் அடைப்பு கணிசமாக இருக்கிறது. ரேடியேஷன் முதலில் புராஸ்டேட்டை வீங்கச் செய்யும். இருக்கிற அடைப்பு சில வாரங்களுக்குக் கூடும், சிலருக்குச் சிறுநீர் முழுதாக நின்று கதீட்டர் போடும் நிலை வரும். ஆகவே ரேடியேஷனைத் தேர்ந்தாலும் யூரோஃப்ளோ (சிறுநீர் வேக) பரிசோதனையும், சிறுநீர் கழித்தபின் பையில் மிஞ்சும் அளவும் பார்க்காமல் தொடங்க வேண்டாம். அயோடின்-125 கதிர் விதைகளை நிரந்தரமாகப் பதிக்கும் பிராக்கிதெரபி இந்த அறிகுறிகளோடு நல்ல தேர்வு இல்லை. ஆபரேஷனில் அடைப்பும் சேர்ந்து போய்விடும். இதுதான் அந்தப் பக்கத்தின் பெரிய லாபம்.

சர்க்கரை எதிர்ப்பக்கம் இழுக்கிறது என்று தோன்றும். காயம் ஆறுவது, தொற்று, கசிவு எல்லாம் ஆபரேஷனில் கவலை. ஆனால் ரேடியேஷன் பக்கமும் அது சும்மா இல்லை. சாதகமற்ற நடுத்தரத்துக்கு ரேடியேஷனோடு 4 முதல் 6 மாதம் ஹார்மோன் ஊசி சேர்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் கொழுப்பு ஏறும், தசை குறையும், சர்க்கரை ஏறும், உடம்பில் திடீர் சூடு பரவி வியர்க்கும். ஆறு மாத ஊசி என்றால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இந்த வயதில் டெஸ்டோஸ்டிரோன் திரும்பக் கடைசி ஊசியின் பலன் தீர்ந்த பிறகும் பல மாதம் ஆகும். லியூப்ரோலைடு, கோசெரலின் போன்ற ஹார்மோன் ஊசிகளில் முதல் ஊசிக்குப் பின் ஹார்மோன் ஒரு முறை ஏறித்தான் இறங்கும். அதைத் தடுக்கத் தொடக்க வாரங்களில் பைகாலூட்டமைடு கொடுப்பது வழக்கம். டெகரெலிக்ஸிலும் ரெலுகோலிக்ஸிலும் அந்த ஏற்றம் கிடையாது. அடைப்பு உள்ளவர் என்பதால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

விறைப்பு: நரம்பைக் காத்துச் செய்யும் ஆபரேஷனின் பலன், முன்பு நன்றாக இருந்தவர்களுக்குத்தான் பெரிதாகக் கிடைக்கும். ஏற்கனவே குறைந்தவருக்கு ஆபரேஷன் மிச்சத்தையும் உடனே எடுத்துவிடும், ரேடியேஷன் மெதுவாக எடுக்கும். எனவே அப்பாவின் தராசில் இது கனமான எடை இல்லை. ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் ஊகிக்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு உச்சம் வரும், விந்து வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஆபரேஷன் பக்கம் லேசான சாய்வு, அடைப்பை வைத்து. கசிவைத் தாங்கவே முடியாது என்று அப்பா சொன்னால் அந்தச் சாய்வு போய்விடும்.

ஆபரேஷன் என்றால் கவனிக்க வேண்டியவை. இடுப்படித் தசைப் பயிற்சியைக் குறைந்தது 3, 4 வாரம் முன்பே தொடங்க வேண்டும். காற்றை அடக்குவது போல உள்ளிழுத்து 5 நொடி பிடித்து, 5 நொடி விட்டு, 10 தடவை. நாளுக்கு 3 வேளை. நன்றாக வந்ததும் 10 நொடிக்கு நீட்டலாம். வயிற்றையும் தொடையையும் இறுக்கினால் பயிற்சி வீண், மூச்சைப் பிடித்தால் அதைவிட மோசம். கதீட்டர் இருக்கும் நாட்களில் செய்யக் கூடாது, எடுத்த அன்றே மீண்டும் தொடங்கலாம். கதீட்டர் பெரும்பாலும் 7 முதல் 10 நாள். அது அடைத்தாலோ நழுவினாலோ பக்கத்தில் கிடைக்கும் நர்ஸிடம் மாற்றச் சொல்லாதீர்கள். உள்ளே புதிதாகத் தைத்த இணைப்பு பிய்ந்துவிடலாம். ஆபரேஷன் செய்த குழுவைத்தான் கூப்பிட வேண்டும்.

கசிவை "கொஞ்சம்", "நிறைய" என்று சொல்லாமல் எடை போடுங்கள். 24 மணி நேரத்தில் மாற்றிய பேட்களின் எடையிலிருந்து காய்ந்த பேட்களின் எடையைக் கழித்தால் கசிந்த மி.லி. கிடைக்கும், ஒரு கிராம் ஒரு மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒருநாள் போதும். ஒரு வருடம் ஆகியும் தொந்தரவாக இருந்தால் ஸ்லிங் (சிறுநீர்க் குழாயைத் தாங்கும் பட்டை), செயற்கைச் சுருக்குத் தசை என்று வழி இருக்கிறது.

மருதன்

மூவருக்கும் மிக்க நன்றி. டூட்டாஸ்டரைடு விஷயத்தை இரண்டு டாக்டருமே கேட்கவில்லை, நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். மூன்று சந்தேகம். அந்த மாத்திரையை இப்போது நிறுத்திவிடலாமா? பி.எஸ்.எம்.ஏ. (புராஸ்டேட் புற்றுச் செல்லில் உள்ள புரதத்தைத் தேடும்) பெட் ஸ்கேன் அவசியமா? "முதலில் ஆபரேஷன் செய்தால் பிறகு ரேடியேஷன் கொடுக்கலாம், முதலில் ரேடியேஷன் கொடுத்தால் ஆபரேஷன் முடியாது" என்று யூராலஜிஸ்ட் அழுத்திச் சொன்னார். அது பெரிய காரணமாகப் படுகிறதே?

நுண்ணோக்கி

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாம்சுலோசினும் அதிலேயே கலந்திருக்கிறது. சட்டென்று விட்டால் சிறுநீர் நிற்கலாம். நிறுத்தினாலும் பி.எஸ்.ஏ. பழைய இடத்துக்கு வரப் பல மாதம் பிடிக்கும், இடையில் வரும் எண்களை யாராலும் படிக்க முடியாது.

பெட் ஸ்கேன்: 8.4 என்ற கணக்கில் தேவையில்லை என்றிருப்பேன். 17 என்ற கணக்கில் எடுப்பது நியாயம். நிணநீர் முடிச்சிலோ எலும்பிலோ ஏதாவது இருந்தால் திட்டமே மாறும். ஒரு எச்சரிக்கை: விலா எலும்பில் ஒற்றைப் புள்ளி மங்கலாகத் தெரிவது பி.எஸ்.எம்.ஏ.வில் அடிக்கடி வரும், பெரும்பாலும் அது புற்று இல்லை. அதை மட்டும் வைத்து "பரவிவிட்டது" என்று யாராவது சொன்னால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஹார்மோன் ஊசி போடும் முன்பே ஸ்கேன் முடிந்துவிட வேண்டும்.

வடகாற்று

யூராலஜிஸ்ட் சொன்னது பாதி உண்மை. ரேடியேஷனுக்குப் பிறகு திசுக்கள் ஒட்டி இறுகிப்போவதால் ஆபரேஷன் கடினம், கசிவும் மலக்குடல் காயமும் அதிகம். செய்யவே முடியாது என்றில்லை. மீண்டும் வந்தது புராஸ்டேட்டுக்குள்ளேயே என்றால் பிராக்கிதெரபி, கிரையோ (உறையவைத்தல்), ஹைஃபூ (ஒலியலைச் சூடு) என்றும் சிலருக்கு வழியுண்டு. "பிறகு ரேடியேஷன் இருக்கிறதே" என்பதை லாபமாகச் சொல்கிறார்கள். இரண்டும் செய்துகொண்டவருக்கு இரண்டின் தொல்லையும் சேரும் என்பதைச் சொல்வதில்லை. சரியான கேள்வி வேறு: "அப்பாவின் எண்களை வைத்துப் பார்த்தால், ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷன் தேவைப்பட எவ்வளவு வாய்ப்பு?" இதற்கு நோமோகிராம் (எண்களைப் போட்டு வாய்ப்பைக் கணக்கிடும் அட்டவணை) இருக்கிறது, திருத்திய பி.எஸ்.ஏ.வைப் போட்டுக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். சதவீதம் கணிசமாக வந்தால் ஒரே சிகிச்சையில் முடியும் பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம். பொன்னி மேடத்தின் சாய்வோடு நான் வேறுபடுவது இங்கேதான்.

ரேடியேஷன் என்றால் 20 அமர்வில் 60 கிரே (கதிரின் அளவு) நன்றாக நிலைபெற்ற முறை, வாரம் ஐந்து நாள், நான்கு வாரம். 5 அமர்வில் 36.25 கிரே கொடுக்கும் முறையும் உண்டு. அதைச் சோதித்த பேஸ்-பி ஆய்வின் 5 வருட முடிவில் நோய் திரும்பாதவர்கள் 95.8 சதவீதம், வழக்கமான முறையில் 94.6. ஆனால் அதில் ஹார்மோன் கொடுக்கவில்லை, சிறுநீர்த் தொல்லையும் 5 அமர்வுப் பக்கம் சற்றுக் கூடுதல். ஐ.பி.எஸ்.எஸ். 17 உள்ளவருக்கு 20 அமர்வுதான் பொருத்தம் என்பேன்.

ஒவ்வொரு நாளும் சிறுநீர்ப்பை நிறைந்தும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும். நிறைந்த பை குடலை மேலே தள்ளி வைக்கும். மலக்குடலில் வாயு இருந்தால் புராஸ்டேட் முன்னால் நகர்ந்துவிடும், கதிர் குறி தப்பும். கழித்துவிட்டு, அவர்கள் சொல்லும் அளவு தண்ணீர் குடித்து, சொல்லும் நிமிடம் காத்திருப்பது வழக்கம். அடைப்பு உள்ளவரால் நிறைந்த பையோடு அவ்வளவு நேரம் படுத்திருக்க முடிகிறதா என்று திட்டமிடும் சி.டி. அன்றே பார்த்துவிடுங்கள். அன்று எவ்வளவு நிறைந்திருந்ததோ அதேதான் தினமும் வேண்டும், முடியாத அளவை அன்று காட்டிவிட்டால் நான்கு வாரமும் அவதி. புராஸ்டேட்டின் இடத்தைக் காட்டும் தங்கக் குறிமணிகள் வைப்பார்களா, மலக்குடலுக்கு முன் ஜெல் இடைவெளி வைப்பார்களா என்றும் கேளுங்கள்.

பொன்னி

நோமோகிராம் விஷயத்தில் வடகாற்று சொல்வது சரி. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என் சாய்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வரும் பி.எஸ்.ஏ.வையும் இரண்டு பக்கமும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. ஆபரேஷன் என்றால் 6 முதல் 8 வாரத்தில் 0.1-க்குக் கீழே போக வேண்டும், 0.2-ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் திரும்பியதாகக் கொள்வார்கள், மேற்கொண்டு ரேடியேஷன் என்றால் 0.5-க்குள் தொடங்குவது நல்லது. ரேடியேஷன் என்றால் சுரப்பி உள்ளேயே இருக்கிறது, பூஜ்யம் வராது. மெதுவாக இறங்கும், தொட்ட மிகக் குறைந்த எண்ணோடு 2 கூடினால்தான் திரும்பியது என்று பொருள். ஹார்மோன் ஊசி தீர்ந்த பிறகு கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததே. ஊசி ஓடும்போது வரும் 0.05-ஐப் பார்த்துக் கொண்டாடவும் வேண்டாம், அது மருந்தின் வேலை.

கடைசியாக ஒன்று, ரேடியேஷன் பக்கம் போனால். குடல்நோக்கிப் பரிசோதனை செய்ய வேண்டிய வயது. பாக்கி இருந்தால் முன்பே முடித்துவிடுங்கள். ரேடியேஷன் முடிந்து ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூட மலத்தில் ரத்தம் வரலாம். அப்போது பார்க்கிற குடல் டாக்டரிடம் "புராஸ்டேட்டுக்குக் கதிர் கொடுத்திருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். தெரியாமல் மலக்குடலின் முன்சுவரில் பயாப்ஸி எடுத்துவிட்டால் அந்தப் புண் ஆறாமல் சிறுநீர்ப் பாதை வரை ஓட்டையாகிவிடலாம். அப்பாவின் மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்திலேயே கதிரின் அளவையும் முடிந்த தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள்.